பர்ட் மன்றோ
பர்ட் மன்றோ (மார்ச் 25, 1899 - ஜனவரி 6, 1978) நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் பிறந்த விசையுந்துப் பந்தய வீரர் ஆவார். மணிக்கு சுமார் 89 கி.மீ. மட்டுமே செல்லக்கூடிய, 1920 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தயாரிப்பான இந்தியன் ஸ்கவுட் வண்டியை வாங்கிய இவர், பல பத்தாண்டுகள் அதனைத் தாமே மாற்றியமைத்தார். பிஸ்டன்களையும் பழைய தகர டப்பாக்களில் வார்த்தார்.

மேலுறை

வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எனவே வண்டியை மூடும் மேலுறை இன்றியமையாததாயிற்று. முதலில் அலுமினியத் தகட்டைத் தட்டி மேலுறை செய்த மன்றோ, பின்னர் எடை குறைந்த கண்ணாடியிழைக்கு மாறினார். இவ்வுறை காற்றுத் தடையைக் குறைத்தது. ஆயினும் மிகு வேகத்தில் வண்டி அபாயகரமாக ஆட்டங்கண்டது.

சாதனை

1967 இல், தமது 68 ஆம் வயதில், அமெரிக்காவின் பொன்னவில் உப்புச் சமவெளியில் 1000 கன செ.மீ.க்குட்பட்ட பிரிவில் மணிக்கு 183.59 மைல் வேகத்தில் சாதனை படைத்தார். கணக்குப் பிழை 2014 இல் திருத்தப்பட்டு, இது 184.087 மைல் (சுமார் 296 கி.மீ.) ஆனது.