தண்ணீரில் வளைந்த வெளிச்சம்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் குளித்திருப்பீர்கள். வளைந்து விழும் தண்ணீருக்குள் விளக்கு வெளிச்சத்தைச் செலுத்தினால், அது நேராகப் போகுமா, தண்ணீரோடு வளையுமா? இதை 1854ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் எல்லாரும் பார்க்கச் செய்து காட்டியவர், ஜான் டிண்டால்.

அயர்லாந்தில், லீலின்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1820 ஆகஸ்ட் 2ல் பிறந்தார். தந்தை சாதாரண போலீஸ்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நில அளவை வேலைக்குப் போனார். ரயில் பாதைக்கு இடம் அளந்தார். பிறகு கணக்கு வாத்தியார் ஆனார். (இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்!) 28 வயதில் மீண்டும் மாணவராகி, ஜெர்மனி சென்று டாக்டர் பட்டம் பெற்றார்.

லண்டனில் மைக்கேல் பாரடேயுடன் பணியாற்றினார். அவர் சொன்ன யோசனைப்படி செய்ததுதான் தண்ணீர்ச் சோதனை. தொட்டியின் ஒரு பக்கம் துளை, எதிர்ப்பக்கம் விளக்கு. துளை வழியே தண்ணீர் வளைந்து விழ, வெளிச்சமும் அதற்குள்ளேயே வந்தது! தண்ணீரின் உட்புற விளிம்பில் சாய்வாக மோதும் ஒளி வெளியேற முடியாமல், உள்ளேயே திரும்பத் திரும்ப எதிரொளிக்கிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. ஜெனீவாவில் கொலாடன் என்பவர் இதை முன்பே, 1841ல் காட்டிவிட்டார். அவருக்குரிய பெருமையை அவருக்கே கொடுத்துவிடுவோம்.

டிண்டாலுக்கு மூச்சைப் பற்றியும் அக்கறை உண்டு. தீயணைப்பு வீரர்களுக்காகப் புகையை வடிகட்டும் முகக் கவசம் செய்தார். பண்பொழி திருமலைக் கோயில் படியேறினாலே நமக்கு மூச்சு வாங்கும். இவரோ 1861ல், 4,500 மீட்டருக்கும் உயரமான வைஸ்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர்!

முதுமையில் தூக்கமில்லாமல் அவதிப்பட்டார். 1893 டிசம்பர் 4ல், மனைவி தவறுதலாகத் தூக்க மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட, டிண்டால் இறந்துபோனார். பாவம், அந்த அம்மாள் அதன்பின் பல்லாண்டுகள் தனியே வாழ்ந்தார்.

தண்ணீருக்குப் பதில் மெல்லிய கண்ணாடி இழை வந்தது. 1950களில் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இழைக் கட்டின் வழியே படத்தையே அனுப்பிக் காட்டினார். 1990களில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் தம் குழுவினரோடு போர்வீரர்களுக்கு ஒரு சட்டை நெய்தார். அதன் நூலோடு நூலாகப் பிளாஸ்டிக் ஒளியிழை ஓடியது. குண்டு பாய்ந்து இழை அறுந்தால் ஒளி மறுமுனைக்கு வராது. காயம் பட்டது தெரிந்துவிடும். இதயத் துடிப்பையும் மூச்சையும் கவனிக்கும் உணர்கருவிகளையும் அந்தச் சட்டையில் பொருத்தலாம்.

இப்போது இன்னொரு வகையும் உண்டு. மூச்சு இழுக்கும்போது மார்பு விரிய, சட்டையிலுள்ள இழையும் இழுபடும். அதில் ஓடும் ஒளி சற்றே மாறும். அந்த மாற்றத்தை எண்ணி, நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று கருவி சொல்லிவிடும், அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும்கூட!