வரைபலகையின் முன் ஒருவர்: விற்றோரியோ ஜானோ

தேரோட்டம் காணச் சென்றோர் தேரைக் காண்பர்; வடம் பிடிப்போரைக் காண்பர்; தேரைச் சமைத்த தச்சனை நினைப்போர் சிலரே. மோட்டார்ப் பந்தய உலகிலும் வழக்கம் இதுவே. வென்ற சாரதியின் பெயர் திசையெங்கும் பரவும். அவன் செலுத்திய இயந்திரத்தைக் கோடு கோடாக வரைந்தவனின் பெயர் தொழிற்சாலை மதிலைத் தாண்டுவது அரிது. அவ்வாறு தாண்டிய மிகச் சிலருள் ஒருவர் இத்தாலி நாட்டு விற்றோரியோ ஜானோ.

நான் இலக்கணம் கற்பிப்பவன். இயந்திரக் கலை எனக்குத் தொழிலன்று. எனினும் இப்பெரியாரின் வரலாறு என்னைப் பெரிதும் ஈர்த்தது. சூத்திரம் ஒன்றில் குறை நேர்ந்தால் உரையாசிரியர் தம்முள் வழக்கிடுவர், அவ்வளவே. பந்தய இயந்திரத்தில் குறை நேர்ந்தாலோ, அதனை நம்பி ஏறியவன் வீடு திரும்பான். குறையே நேராதபோதும் அவன் திரும்பாதிருக்கலாம். இதனை அறிந்துகொண்டே ஐம்பதாண்டுக்கு மேல் அத்தொழிலில் நின்றவர் ஜானோ.

அவர் 1891 ஆம் ஆண்டு வட இத்தாலியில் பியெமொந்தே மாநிலத்துச் சான் ஜோர்ஜோ கனவேசே என்னும் ஊரிற் பிறந்தார். பதினெட்டு வயதளவில் தூரின் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் வரைபவராகச் சேர்ந்தார். 1911 இல் பியற் நிறுவனத்துட் புகுந்தார். அக்காலத்திற் பந்தய இயந்திரக் கல்விக்குப் பியற்றை விஞ்சிய பள்ளி வேறில்லை எனலாம்.

வரைஞனது தொழிலின் அருமையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். தாளில் இடும் ஒவ்வொரு கோடும் ஒரு கட்டளை. அதனைப் பார்த்து மரத்தச்சன் அச்சுருச் செய்வான். வார்ப்புச்சாலையில் அவ்வுருவைக் கொண்டு அமைத்த அச்சினுள் உருகிய உலோகம் பாயும். கடைச்சல் இயந்திரம் அதனை மயிரிழை அளவுக்குச் சீவும். அளவு தவறியது பின்னர்த் தெரியவருமாயின், அச்சுருவிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். ஆதலின் நல்ல வரைஞன் பொருளை மட்டும் எண்ணான். அப்பொருளைச் செய்யும் கருவியையும், கருவியைப் பிடிக்கும் கையையும் எண்ணியே கோடிடுவான்.

1923 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மிலான் நகரத்து அல்பா ரோமியோ நிறுவனம் ஒரு புதிய வண்டியை மொன்சாப் பந்தயத்துக்குக் கொணர்ந்தது. பயிற்சியின்போதே அதன் சாரதி ஊகோ சிவோச்சி விபத்தில் மாண்டார். அவ்வண்டி பந்தயம் காணாமலே ஒதுக்கப்பட்டது. அப்பொழுது அந்நிறுவனத்தின் சாரதிகளுள் ஒருவராயிருந்தவர் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய என்சோ பெராரி. அவர் தூரினுக்குச் சென்று, ஜானோவின் இல்லத்திலேயே அவரைக் கண்டு அழைப்பு விடுத்தார். ஜானோ இசைந்து மிலானுக்குப் பெயர்ந்தார்.

ஓராண்டு நிறையுமுன் ‘பி 2’ என்னும் வண்டி உருவாயிற்று. ஒரே வரிசையில் எட்டு உருளைகள். இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு. காற்றை அமுக்கி உட்செலுத்தும் பொறி ஒன்று. 1924 யூன் மாதத்திற் கிரெமோனாவில் அது தன் முதற் பந்தயத்தை வென்றது. அன்று அதனைச் செலுத்தியவர் அந்தோனியோ அஸ்காரி. அடுத்த ஆண்டு, 1925 யூலை 26 அன்று, பாரிசுக்கு அண்மையிலுள்ள மொன்லேரியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த அதே அஸ்காரியின் வண்டி ஓரத்து வேலியிற் சிக்கிக் கவிழ்ந்தது. அவர் உயிர் நீத்தார், வயது 36. அல்பா ரோமியோ தன் ஏனைய வண்டிகளையும் அன்றே நிறுத்திவிட்டது. அவ்வாண்டு முடிவில் உலகின் முதலாவது கிராண்ட் பிரீ வாகையர் பட்டம் ‘பி 2’ க்கே கிட்டியது. பட்டமும் பிணமும் ஒரே ஆண்டில் வந்தன.

ஜானோவின் அறிவுத்திறனுக்கு 1931 இல் வெளிவந்த எட்டுருளை இயந்திரம் தக்க சான்று. நெடிய தண்டு ஒன்றின் ஒரு முனையைத் திருகினால் மறுமுனை பிந்தியே அசையும்; இடையில் தண்டு முறுகும். எட்டு உருளைகளை ஒரே வரிசையில் வைப்போர்க்கு இம்முறுக்கே பகை. ஜானோ தண்டைத் தடிப்பாக்கிப் பாரமேற்றவில்லை. உருளைகளை நான்கு நான்காகப் பிரித்து, வால்வுகளை இயக்கும் பற்சக்கரங்களை இரண்டு பகுதிக்கும் நடுவே அமைத்தார். நெடுந்தண்டு இரு குறுந்தண்டுகள் போலாயிற்று, முறுக்கு அடங்கிற்று. இவ்வியந்திரம் பூண்ட வண்டிகள் 1931 முதல் 1934 வரை லெ மான்ஸ் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றன. அதே நெறியில் 1932 இல் உருவான ‘பி 3’, சாரதி ஒருவருக்கே இடமுள்ள பந்தய வண்டி. 1935 இல் ஜேர்மனியின் நூர்பேர்க்றிங்கில், அரசின் பொருளுதவி பெற்ற மெர்சிடிஸ், ஓட்டோ யூனியன் வண்டிகளை, மூன்றாண்டு பழமையான ‘பி 3’ ஐச் செலுத்தித் தாசியோ நுவோலாரி வென்றமை பந்தய வரலாற்றில் மறவாத நிகழ்ச்சி.

புகழ் நிலைக்கவில்லை. 1937 இல் அவர் ஆக்கிய பன்னிரண்டு உருளை வண்டி தோல்வியுற்றது. பதினான்கு ஆண்டு வெற்றி ஒரு தோல்வியின் முன் மறக்கப்பட்டது. அவர் அல்பாவை விட்டு நீங்கி, தூரினில் லான்சியா நிறுவனத்திற் சேர்ந்தார்.

அங்கே, அறுபது வயதைக் கடந்த பின்னர், ‘டி 50’ என்னும் வண்டியை வரைந்தார். இயந்திரத்தையே வண்டிச் சட்டத்தின் ஓர் உறுப்பாக்கினார். பெற்றோல் தீரத் தீரச் சமநிலை மாறாதிருக்க, எரிபொருட் கலங்களை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே இருபுறமும் தொங்கவிட்டார். இதனைச் செலுத்த வந்தவர் யார்? 1952, 1953 ஆம் ஆண்டுகளின் உலக வாகையர் அல்பேர்ட்டோ அஸ்காரி. மொன்லேரியில் மாண்ட அந்தோனியோவின் மகன். தந்தை இறந்தபோது அவருக்கு ஏழு வயது. தந்தையை ஏற்றிய கையே மகனையும் ஏற்றியது.

1955 மே 22 அன்று மொனாக்கோவில் அல்பேர்ட்டோவின் ‘டி 50’ பாதையை விட்டுத் துறைமுகக் கடலுட் பாய்ந்தது. அவர் நீந்திக் கரையேறினார். நான்கு நாட் கழித்து மொன்சாவில் வேறொரு நிறுவனத்தின் வண்டியைச் சோதித்துப் பார்க்கையில் மாண்டார். அவருக்கும் வயது 36, நாளும் 26. இவ்வொற்றுமையைக் கண்டு ஊழ் என்பார் பலர். நான் எண்ணுவது ஜானோவையே. இருமுறையும் அவர் வரைந்த கோட்டிற் பிழையில்லை. இரண்டாமுறை வண்டியும் அவருடையதன்று. ஆயினும் ஒரு குடும்பத்தின் இரு தலைமுறையும் தம் வரைபலகையைக் கடந்தே சென்றன என்ற நினைவை எவரால் துடைக்க இயலும்?

அவ்வாண்டு யூலையில் லான்சியா தன் பந்தய வண்டிகளைப் பெராரியிடம் ஒப்படைத்தது. ஜானோவும் அங்கே ஆலோசகராயினார். முப்பத்திரண்டு ஆண்டுகளின் முன் தம் வீடு தேடி வந்தவரின் தொழிற்சாலைக்கு இப்போது இவர் சென்றார். பெராரியின் மகன் தீனோ நோய்வாய்ப்பட்டிருந்தான்; இயந்திரக் கலையில் ஆர்வம் மிக்க அவ்விளைஞனோடு ஆறுருளை இயந்திரம் ஒன்றைப் பற்றி ஜானோ ஆராய்ந்தார். 1956 யூன் 30 அன்று, 24 வயதில், அதன் ஓசையைக் கேளாமலே தீனோ மறைந்தான். ஜானோ அதனை முடித்துக் கொடுத்தார்; அதற்குத் தீனோவின் பெயரே இடப்பட்டது. அவ்வழி வந்த இயந்திரத்துடன் மைக் ஹோதோர்ன் 1958 இல் உலக வாகை சூடினார்.

பிறர் மைந்தரின் மறைவைக் கண்ட ஜானோவுக்குத் தம் மைந்தனின் மறைவையும் காண நேர்ந்தது. அத்துயரோடு நோயும் சேர்ந்தது. 1965 மார்ச் 13 அன்று, 73 ஆம் வயதில், தூரினில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நெடுந்தண்டின் முறுக்கைத் தணிக்க வழி கண்டவருக்குத் தம் நெஞ்சின் முறுக்கைத் தணிக்க வழி கிட்டாதது இரங்கத்தக்கது. துயருற்ற முதியோரைத் தனிமையில் விடலாகாது.

அவர் வகுத்த வண்டிகள் அரும்பொருட்காட்சிச் சாலைகளில் இன்றும் பேணப்படுகின்றன. சில ஓடவும் செய்கின்றன. அவற்றின் முன் நிற்போர் அஸ்காரியையும் நுவோலாரியையும் நினைப்பர், நினைக்கவேண்டியதே. அவர்கள் ஏறுமுன் இரவெல்லாம் விளக்கொளியிற் குனிந்து, எங்கே முறியும், எங்கே முறியாது என்று எண்ணிக் கோடிட்ட கையையும் ஒரு கணம் நினைப்பாராயின், தச்சனுக்குரிய கடனும் தீரும்.