சபைக்குள் ஓர் இருக்கை: கொச்சியின் ஏ.பி.சலேம்

தானம் செய்வதில் திருப்பூரைக் குறைசொல்ல எவராலும் இயலாது. கோயில்களில் அன்னதானம், பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி, தேவாலயங்களில் மருத்துவ முகாம் என ஏதேனும் ஓர் அறப்பணி இங்கு நடந்துகொண்டே இருக்கிறது. 2020 பொதுமுடக்கத்தின்போது வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு உணவு சமைத்து வழங்கிய கைகள் பல. இந்த ஈகையைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. வெளியில் நிற்பவருக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் நாம், நமது சொந்தச் சபைக்குள், நமது சொந்த ஆலைக்குள் யாரை எங்கே உட்காரவைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவர் நமக்கு அண்டையிலேயே வாழ்ந்து மறைந்தார். திருப்பூரில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கொச்சியில், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1882இல் பிறந்த ஆபிரகாம் பராக் சலேம்தான் அவர். வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், காங்கிரஸ்காரர், தொழிற்சங்க ஆதரவாளர். கேரளத்தில் அவரை 'யூத காந்தி' என்று அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அவரது பெயரை அறிந்தவர்கள் குறைவு.

தரையில் அமர்ந்தவர்கள்: கொச்சி யூதர்களின் வரலாறு நீண்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமைகளையும் 72 சிறப்புரிமைகளையும் வழங்கினான். அதற்கான செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. நம் கல்வெட்டாய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமான அந்த எழுத்தில் அமைந்த செப்பேடு, மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டது.

'பரதேசி' என்பதற்கு இங்கே அயல்நாட்டார் என்றே பொருள். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, அங்கிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள் 1568இல் எழுப்பிய ஆலயம் அது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலபார் கரையில் வேரூன்றிய யூதர்கள் தனி ஆலயங்களில் வழிபட்டனர். இந்த இரு பிரிவினருக்கும் அப்பால் இன்னொரு கூட்டம் இருந்தது. வந்தேறிய குடும்பங்களில் அடிமைகளாக இருந்து, யூத சமயத்தை ஏற்று, பின்னர் விடுவிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எபிரேய மொழியில் அவர்களை 'மெஷுக்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர் என்றார்கள். சலேம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

விடுதலை அடிமைத்தனத்திலிருந்துதான் கிடைத்தது, இழிவிலிருந்து கிடைக்கவில்லை. அவர்கள் பரதேசி ஆலயத்துக்குள் வரலாம், ஆனால் இருக்கைகளில் அமரக் கூடாது. தரையிலோ முன்கூடத்திலோதான் இடம். தோரா மறைநூலை வாசிக்க அழைக்கப்படும் பெருமையில் அவர்களுக்குச் சமபங்கு இல்லை. அங்கே அவர்களின் திருமணம் நடக்காது. இறந்தால் புதைப்பதற்கும் வேறு இடம். வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவினையோடு சேர்த்துப் பார்த்தால், சாதி என்பது நம் மண்ணுக்கு வந்த எந்தச் சமயத்தையும் விட்டுவைக்கவில்லை என்பது விளங்கும்.

சமயச் சட்டம் இதை ஆதரித்ததா என்றால் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்தச் சிக்கல் எகிப்தின் பெரும் யூதச் சட்ட அறிஞர்களிடம் எடுத்துச்செல்லப்பட்டது. உரிய சடங்குகள் முடிந்துவிட்டால் அவர்கள் முழுமையான யூதர்களே, மண உறவுக்கும் தடையில்லை என்பதே அவர்கள் அளித்த தீர்ப்பின் சாரம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. நீதி எதுவென்று அறியாததால் அநீதி நீடிப்பதில்லை. அறிந்த பின்னும் இருக்கையை விட்டு எழ மனம் வராததால்தான் நீடிக்கிறது.

படித்தவனுக்கும் இடமில்லை: எர்ணாகுளத்தின் மகாராஜா கல்லூரியில் படித்த சலேம், சென்னையில் சட்டம் பயின்றார். அவரது கூட்டத்தில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். பின்னர் எர்ணாகுளத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்று வாதிட்டால் நீதிபதி கேட்பார். அதே மனிதர் ஓய்வுநாள் வழிபாட்டுக்குத் தன் தெருவின் ஆலயத்துக்குச் சென்றால் இருக்கை கிடையாது. கல்வியும் பதவியும் வந்துவிட்டால் இழிவு தானாக நீங்கிவிடும் என்று நம்புவோருக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதுமான மறுப்பு.

அவர் முன் எளிய வழிகள் சில இருந்தன. வேறு ஆலயத்துக்குப் போயிருக்கலாம். வழிபாடே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம். சலேம் தேர்ந்தது கடினமான வழியை: அதே சபையில் உறுப்பினராக நின்றபடி அதே சபையை எதிர்ப்பது. சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். பின்னர் காந்தியின் சத்தியாகிரக முறையைத் தன் சொந்த வழிபாட்டுத் தலத்துக்குள் கொண்டுசென்றார். விருப்பு வெறுப்புகளைக் கடந்து அதே தெருவில், அதே முகங்களுக்கு நடுவே, பல ஆண்டுகள் நடந்த போராட்டம் அது.

காலமும் அவருக்குத் துணை நின்றது. எர்ணாகுளத்துக்குத் தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1924இல் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து சென்று அதில் சிறைப்பட்டவர் பெரியார். கோயிலுக்கு வெளியே உள்ள தெருவுக்காக ஒரு பக்கம் போராட்டம் நடந்த அந்தக் காலத்தில்தான், ஆலயத்துக்கு உள்ளே இருந்த இருக்கைக்காக மறுபக்கம் இந்த மனிதர் போராடிக்கொண்டிருந்தார்.

பலன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1937இல் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம், பழைய தடைகள் பலவும் தளர்ந்துவருவதைப் பதிவுசெய்தார். 1950இல் சலேமின் மகன் பால்ஃபர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். எகிப்திய அறிஞர்கள் தடையில்லை என்று சொன்ன மண உறவு நடந்தேற ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின.

சபைக்கு வெளியே: தன் கூட்டத்தின் குறையை மட்டுமே பேசும் தலைவராக சலேம் நின்றுவிடவில்லை என்பதே அவரை இன்றும் நினைக்கத்தக்கவராக்குகிறது. 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்கம் என்ற சொல் புதிதாக இருந்த காலத்தில் கொச்சியில் அதன் பக்கம் நின்றார். யூதத் தெருவை ஒட்டிய சிறு மேட்டில் பொதுக்கூட்டம் நடத்தும் உரிமைக்காக நெடுங்காலம் வாதாடினார். அந்த மேட்டுக்கே மக்கள் 'சலேம் குன்னு' என்று பெயரிட்டனர்.

1929இல் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். முழு விடுதலையே இலக்கு என்று அறிவித்த மாநாடு அது. அதன் தொடர்ச்சியாக எழுந்த சட்டமறுப்பு அலையில்தான், 1932 ஜனவரியில், திருப்பூர் வீதியில் கையில் கொடியோடு தடியடிபட்டு குமரன் உயிர்நீத்தார். ஒரே அழைப்பு இரண்டு ஊர்களிலும் கேட்டிருக்கிறது.

அதே 1929இல் சலேம் ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். அது யூதத் தெருவின் ஜெப ஆலயத்தைப் பற்றியது. தன்னைச் சமமாக நடத்த மறுத்த ஆலயத்தின் பெருமையை எழுதி வைத்தவர் அவர். ஒரு நிறுவனத்தைக் கண்டிப்பதற்கும் வெறுப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவரது வாழ்விலும் முரண் உண்டு. இந்திய விடுதலைக்காக நின்றவர், 1933இல் பாலஸ்தீனம் சென்றுவந்த பிறகு யூதத் தாயகம் என்ற எண்ணத்திலும் உறுதியாக இருந்தார். இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்கள் அங்கு குடியேற விரும்பினார்கள். யானைக்கால் நோய் குறித்த அச்சத்தால் இஸ்ரேலிய அதிகாரிகள் தயங்கினார்கள். 1953இல் சலேம் அங்கு சென்று தம் மக்களுக்காகப் பேசினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் கப்பலேறினர். ஆனால் சலேம் போகவில்லை. 1967இல் இறக்கும்வரை கொச்சியிலேயே வாழ்ந்தார். பிறர் போவதற்கு வழியமைத்துவிட்டுத் தான் பிறந்த தெருவில் தங்கிவிட்ட மனிதரை எந்த ஒற்றைக் கொள்கைக்குள்ளும் அடக்குவது கடினம்.

நினைவு போதுமா?: யூதர்கள் ஆண்டுதோறும் பஸ்கா விழாவின்போது எகிப்தில் தம் முன்னோர் அடிமைகளாக இருந்ததையும் மீண்டதையும் வீடுதோறும் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். ஈகையைக் குறிக்கும் அவர்களின் 'செதாக்கா' என்ற எபிரேயச் சொல், நீதியைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்தே பிறந்தது. அடிமை வாழ்வை இவ்வளவு விடாமல் நினைவில் வைத்திருந்த சமூகம், ஈகையையும் நீதியையும் ஒரே வேரில் வைத்த சமூகம், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தது. பட்ட துன்பத்தின் நினைவு மட்டும் ஒருவரை நீதிமானாக்கிவிடாது.

இதற்குக் கொச்சி மட்டுமே சான்றல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளின் வீட்டு இளம்பெண்கள். ஆலையின் உரிமையாளர் இருவரும் புலம்பெயர்ந்து வந்த யூதர்களே. பின்னர் யூதத் தொழிலாளர்களும் சமயத் தலைவர்கள் சிலரும் பாதுகாப்புச் சட்டங்களுக்காகக் குரல்கொடுத்தனர். அங்கும் கேள்வி சபைக்கு உள்ளிருந்துதான் எழ வேண்டியிருந்தது.

பின்னலாடை ஊரில் வாழும் எனக்கு இந்த வரலாறு அயலாகத் தோன்றவில்லை. பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்தவர், கட்டிங் மேசையில் நின்றவர், பிற்காலத்தில் சொந்தமாகப் பனியன் கம்பெனி தொடங்கியது திருப்பூரின் பெருமைக்குரிய வரலாறு. இந்த நகரத்தின் முதலாளிகள் பலர் ஒரு காலத்தில் தொழிலாளிகள். ஆயினும் 1984இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கடந்துவந்த பாடுகளின் நினைவு பேச்சுவார்த்தை மேசையில் தானாக வந்து அமர்ந்துவிடவில்லை.

இன்று அந்தத் தரையில் இருப்பவர்கள் வேறு. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் நம் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். பேரிடர் வந்தால் அவர்களுக்குச் சோறு போடுகிறோம்; அது பாராட்டத்தக்கதே. ஆனால் காம்பவுண்டு வீட்டை வாடகைக்குக் கேட்டால் தயங்குகிறோம். நம்மூர்க்காரரிடமே வீடு கொடுக்கும் முன் சாதியை விசாரிக்கிறோம். ஆலையின் குறைதீர் குழுவில் அவர்களின் மொழியில் பேச ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உணவுப் பொட்டலத்தை நீட்டுவதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையைக் கொடுக்க வேண்டுமானால் நாம் சற்று நகர்ந்து உட்கார வேண்டும்.

தன்னார்வத் தொண்டில் ஈடுபடும் சமய அமைப்புகளுக்கும் சங்கங்களுக்கும் சலேமின் வாழ்க்கை ஓர் அளவுகோலைத் தருகிறது. ஆண்டறிக்கையில் எத்தனை முகாம், எத்தனை பேருக்கு உணவு என்று எழுதுகிறோம். நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள், விழா மேடையில் யாருக்கு நாற்காலி, யாருடைய வீட்டுத் திருமணத்துக்கு நாம் போகிறோம் என்ற கணக்கையும் அதே ஏட்டில் எழுதத் துணிந்தால், அது ஈகையின் அறிக்கையாக மட்டும் இராது. நீதியின் அறிக்கையாகவும் இருக்கும்.

மட்டாஞ்சேரி ஆலயத்தின் பின்கதை இதையே வேறு விதமாகச் சொல்கிறது. யூத மரபில் கூட்டு வழிபாடு நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். சலேம் மறைந்த பின்னும் குடியேற்றம் தொடர்ந்தது. பரதேசி யூதர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்கி, அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. யார் எங்கே உட்காருவது என்று நூற்றாண்டுகளாக வகுத்து வைத்திருந்த கூடத்தில், வந்து உட்கார ஆள் வேண்டும் என்று காத்திருக்கும் காலம் வந்தது. இன்று விளக்குகளும் சீன ஓடுகளும் அப்படியே இருக்கின்றன. இருக்கைகள் எல்லோருக்கும் போதுமான அளவு காலியாக இருக்கின்றன. பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருக்கும்போதே பகிர்ந்துகொள்வதுதான் நீதி.