வீடு திரும்பும் குறைமாதக் குழந்தையும் வைத்தியர் புதானும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை பதுளை வைத்தியசாலையிலிருந்து மீண்டு மீரியபெத்த போன்றதொரு தோட்டத்தின் லயன் அறைக்கு வந்து சேரும்போது ஆபத்து நீங்கிவிட்டது என்றே உறவினர் எண்ணுகின்றனர். ஆனால் இத்தகைய குழந்தைகள் சில வேளைகளில் 20 செக்கன்களுக்கும் மேலாக மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. அதனை ஒலியெழுப்பி அறிவிக்கும் கண்காணிப்புக் கருவியுடன் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மேலை நாடுகளில் உள்ளது. அக்கருவி லயன் அறைக்கே வந்தாலும், ஒலி கேட்டவுடன் குழந்தையைத் தட்டியெழுப்பவும் செயற்கைச் சுவாசம் கொடுக்கவும் தெரிந்தவர் அருகில் இருந்தாக வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்படும் மழை இரவுகள் வேறு.

வைத்தியசாலையில் காப்பாற்றப்பட்ட குழந்தைக்கு வீட்டில் என்ன நேர்கிறது என்ற கேள்வியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பியேர் புதான். 1846 ஆம் ஆண்டு பிரான்சின் ஊவாஸ் பிரதேசக் கிராமமொன்றில் பிறந்தவர். பாரிசில் மகப்பேற்று வைத்தியரானவர். அவரது ஆசான் தார்னியே, மிருகக்காட்சிச்சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதேபோன்ற அடைகாப்புப் பெட்டியைக் குழந்தைகளுக்காகச் செய்வித்தார். 1880 களின் தொடக்கத்தில் 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் மரண வீதம் இதனால் நூற்றுக்கு 66 இலிருந்து 38 ஆகக் குறைந்தது.

ஆசானின் பெட்டியுடன் சீடர் திருப்தியடைந்துவிடவில்லை. 1895 இல் பாரிஸ் மகப்பேற்று வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பொறுப்பேற்ற புதான், நோயுற்ற குழந்தைகளை ஏனையோரிடமிருந்து பிரித்து வைத்தார். தாயைக் குழந்தையிடமிருந்து விலக்கிவைத்தால் பாலும் வற்றுகிறது, பாசமும் வற்றுகிறது என்பதை அவர் கண்டார். ஆகவே, பெற்றவளைக் குழந்தையின் அருகிலேயே இருக்கச் செய்தார். குழந்தையை உடல் வெப்பம் குன்றாமல் காப்பது, தாய்ப்பால் ஊட்டுவது, தொற்றைத் தடுப்பது ஆகிய மூன்றுமே அவரது சிகிச்சையின் அடித்தளம். குழந்தை நீலம் பாரித்து மூச்சுத் திணறுவதையும் அவர் கவனமாக ஆராய்ந்து எழுதினார்.

எமது கருத்தில், இவற்றைவிடப் பெரிது அவர் 1892 இல் ஷரித்தே வைத்தியசாலையில் ஆரம்பித்த சிசு ஆலோசனை நிலையமேயாகும். நலமாக வீடு சென்ற குழந்தைகள் கெட்ட பாலாலும் வயிற்றோட்டத்தாலும் மடிவதைக் கண்டு, தாய்மாரை வாரந்தோறும் குழந்தையுடன் வரச் செய்தார். எடை நிறுத்துக் குறித்துக்கொண்டார். தாய்ப்பால் போதாதவர்களுக்குக் கிருமியகற்றிய பாலை வழங்கினார். 1870 ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பிரான்சுக்குப் படையாட்கள் தேவைப்பட்டமையும் ஆட்சியாளர் இதனை ஆதரிக்கக் காரணமாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிசு மரணத்துக்கு எதிரான சங்கம் 1902 இல் உருவானபோதும் புதான் முன்னின்றார்.

இன்று எமது தோட்டங்களில், மக்கள் மிட்வைப் அம்மா என்றழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையை நிறுத்துப் பதிவேட்டில் புள்ளியிடுவதும் அதே வழிவந்த பணிதான். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் நகரையும் கிராமத்தையும் விடப் பெருந்தோட்டத் துறையிலேயே அதிகம் என்பதை நாட்டின் சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இருந்தும், இரவில் மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் வாகனம் தேடுவது தகப்பனின் தலைவிதியாகவே விடப்படுகின்றது. மீரியபெத்தயில் மண்சரிவு அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களுக்கு மாற்றிடம் மட்டும் அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மலை சரிந்து லயன்களை மூடியது. கருவியின் ஒலிக்கும் அதே கதி நேரலாகாது. குழந்தையை ஒப்படைக்கும் முன்னர் தாய்க்கும் வீட்டில் இன்னொருவருக்கும் முதலுதவிப் பயிற்சி அளித்தல், குடும்பநல உத்தியோகத்தர் சில நாட்களுக்குள் வீடு தேடிச் செல்லல், தோட்ட நிர்வாகம் இரவிலும் வாகனத்தை ஆயத்தமாக வைத்திருத்தல் ஆகியவற்றைச் சுகாதார அமைச்சும் தோட்டக் கம்பனிகளும் உறுதிசெய்ய வேண்டும்.

புதான் 1907 ஜனவரியில் மார்செய் நகரில் தமது அறுபதாவது வயதில் காலமானார். சிசு பராமரிப்புப் பற்றி அவர் 1900 இல் வெளியிட்ட நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதே ஆண்டில் வெளிவந்தது.