அண்ணல் வகுத்த ஆடை

காந்தியடிகளின் வாழ்க்கையை அரசியலாகவும் ஆன்மிகமாகவும் கண்டு எழுதியோர் பலர். அவர் உடுத்திய துணியின் வழியே அவ்வாழ்க்கையை நோக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய விருப்பம். இன்று பாரிஸிலும் மிலானிலும் ஆடவர் உடையை ஒரு கருத்தின் உருவமாக அமைத்து மேடையேற்றுவோர் பெரும்புகழ் பெற்று விளங்குகின்றனர். எண்ணத்தை ஆடையாக்கும் அத்தொழிலில், சென்ற நூற்றாண்டில் அடிகள் சாதித்ததைப் போல் வேறெவரும் சாதித்ததில்லை என்றே நான் கருதுகிறேன். பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு இவ்விடயத்தில் தனியானதோர் ஈடுபாடு உண்டு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், சட்டம் பயில்வதற்காக 1888இல் இலண்டன் சென்றார். கரையிறங்கும் நாளுக்கென்றே காத்து வைத்திருந்த வெள்ளைப் பிளானல் உடையை அணிந்து இறங்கினார். அது செப்டெம்பர் மாதக் கடைசி. குளிர்காலம் நெருங்கும் அவ்வேளையில் வெள்ளை உடுத்தி நின்றவர் அவர் ஒருவரே. அந்த நாணத்தை ஆற்றிக்கொள்ளப் போலும், 19 ஷில்லிங் கொடுத்து உயர்ந்த தொப்பி வாங்கினார். பொண்ட் வீதியில் 10 பவுண் செலவிட்டு மாலையுடை தைப்பித்தார். கடிகாரத்துக்கு இரட்டைவடப் பொற்சங்கிலி வேண்டுமெனத் தமையனாருக்கு எழுதினார். கழுத்துப் பட்டியைக் கட்டவும் தலைமயிரை வகிடெடுக்கவும் நாள்தோறும் பத்து நிமிடம் நிலைக்கண்ணாடி முன் நின்றதை அவரே தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். நடனம், வயலின் முதலிய மோகங்கள் மூன்று மாதத்தில் தெளிந்தன. உடையில் கவனம் மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. பின்னாளில் அனைத்தையும் களைந்தவர், களையும் பொருளின் அருமையை நன்கறிந்தவர் என்பதை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1893இல் அவர் தென்னாபிரிக்கா சென்றார். டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதவான் பணிக்க, மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டு நேட்டால் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுபெற்றபோது, தலைமை நீதியரசரின் சொல்லுக்கு இணங்கிக் கழற்றினார். நண்பர்கள் வருந்தினர். பெரிய போருக்கு வலிமையைச் சேர்த்து வைப்பதாக அவர் எண்ணினார். இந்த விளக்கம் எனக்கு முற்றிலும் நிறைவளிப்பதன்று, அது நிற்க.

அக்காலத்தில்தான் பாலசுந்தரம் என்னும் தமிழர் அவரைத் தேடி வந்தார். ஒப்பந்தக் கூலியாகச் சென்று ஒரு வெள்ளையரிடம் வேலை செய்தவர். எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, கிழிந்த உடையோடு, தலைத்துணியைக் கையிலே பிடித்தபடி நடுங்கி நின்றார். வெள்ளையர் முன் செல்லும் கூலி தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கு வழக்கம். தம் முன்னும் அவ்வாறே நிற்க வேண்டுமென அவர் எண்ணியிருந்தார். அடிகளுக்கு அது பெருத்த அவமானமாயிற்று. துணியைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டினார். கட்டியபின் அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அடிகள் மறக்கவேயில்லை. எசமானன் மீது வழக்குத் தொடுத்து, அவரை வேறொருவரிடம் வேலைக்கு மாற்றிவிட்டதும் உண்மையே. ஆயினும் அந்தத் தலைத்துணியே இக்கதையின் உயிர்நிலை.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் பாட்டனாரே கண்முன் தோன்றுவார். நேட்டாலுக்குக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கியது 1860ஆம் ஆண்டு. சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பலின் பெயர் ட்ரூரோ. அதற்கு முன்பிருந்தே எம் முன்னோர் இம்மலைகளுக்குக் கோப்பி பறிக்க வந்துகொண்டிருந்தனர். பிரட்டுக்களத்தில் துரையின் குதிரைக் குளம்பொலி கேட்டவுடன் பாட்டனார் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டுவாராம். கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனுமாய் நிற்கும் பெரிய கங்காணிக்கு அந்தக் கட்டாயம் அவ்வளவாக இல்லை. மலைக்குளிருக்குக் கொடுக்கும் கம்பளியின் விலையும் கூலியில் கழிக்கப்பட்டது. யார் எதை உடுக்கலாம், எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதே எங்கள் தோட்டத்தின் எழுதாச் சட்டம்.

அடிகளின் ஆடையுள்ளம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1896இல் குடும்பத்தோடு கப்பலேறியபோது, மனைவிக்கும் மக்களுக்கும் பார்சி உடையும் காலைக் கடிக்கும் சப்பாத்தும் மாட்டிவிட்டவர் அவரே. அதுதான் நாகரிகமெனக் கருதிய காலம். 1897 ஜனவரியில் டர்பனில் வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கிய இரவில், இந்தியக் காவலர் உடையணிந்து, ஒரு தட்டைத் தலையில் கவிழ்த்து, அதன்மேல் சென்னைத் துணியைச் சுற்றிக்கொண்டு தப்பினார். உயிரைக் காத்ததும் ஒரு தலைத்துணியே.

1913இல் மாற்றம் முழுமை பெற்றது. ஒப்பந்தம் முடிந்தோர் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுண் வரியை எதிர்த்து நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். டிசெம்பரில் சிறையினின்று வெளிவந்த அடிகள், டர்பன் கூட்டத்தில் மீசையை மழித்து, நீண்ட சட்டையும் இடுப்பில் சுற்றிய முண்டுமாக வெறுங்காலோடு தோன்றினார். அது கூலியின் உடை. இறந்தோர்க்குத் துக்கம் காக்கும் உடை. வழக்கறிஞரின் மேலங்கி அன்றோடு போயிற்று.

1915இல் தாயகம் திரும்பியபின் அவர் உண்மையிலேயே ஆடை வகுப்பவரானார். பல மாகாணத்துத் தலையணிகளையும் ஆராய்ந்து, காஷ்மீரத் தொப்பியைத் தழுவி வெள்ளைக் கதர்த் தொப்பியை அமைத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், துணி குறைவு, வெண்மையாதலால் அழுக்கு மறையாது, துவைத்தே தீரவேண்டும். இதைவிடத் தெளிந்த ஆடைச் சிந்தனை எந்தத் தையற்கூடத்தில் பிறந்தது? துணியும் எளிதாக வந்துவிடவில்லை. ஆசிரமத்தில் நெய்த முதற் கதர் கெசம் ஒன்றுக்கு 17 அணா விழுந்தது; அகலம் 30 அங்குலமே. ஒரு மாதத்தில் 45 அங்குல வேட்டி கிடைக்காவிடில் குட்டை வேட்டியே உடுப்பேன் என அவர் அறிவிக்க, கங்காபென் அம்மையார் அரும்பாடுபட்டு நெய்வித்துக் கொடுத்தார்.

அன்று தப்பிய குட்டை வேட்டி மதுரையில் அவரை வந்தடைந்தது. 1921 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் பயணம் செய்தபோது, கதர் வாங்கத் தங்களிடம் பணமில்லை என்ற ஏழைகளின் மொழி அவரை உறுத்திற்று. செப்டெம்பர் 22ஆம் நாள், மேல மாசி வீதி வீட்டிலிருந்து, முழங்காலை எட்டாத துண்டொன்றை மட்டும் உடுத்தி வெளிவந்தார். ஒக்டோபர் முடியும் வரைக்குமென்றே தொடங்கிய அந்நோன்பு, 1948 ஜனவரி 30 வரை நீடித்தது. இடையில் 1931இல் சேர்ச்சில் அக்கோலத்தை எள்ளினார். அவ்வாண்டிலேயே அதே கோலத்தில் அடிகள் பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துக்கும் சென்றார். கதரால் வேலையிழந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளரையும் நேரிற் சென்று கண்டார். இக்கடைசிச் செயலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த அவர் மலைநாட்டுக்கும் வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், வெளியார் தோட்டத்தினுள் கால்வைக்க இயலாத காலத்தில், கோ. நடேசையர் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பர். எங்கள் அரசியலும் துணிமூட்டையோடுதான் மலையேறியது போலும்.

ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. அடிகள் துறந்து உடுத்ததை எம்மவர் வேறின்றி உடுத்தனர். பாரிஸ்டர் அரையாடைக்கு இறங்கினால் அது தவம். கூலி அதிலேயே கிடந்தால் அது விதி. அண்ணல் அம்பேத்கர் கோட்டும் கழுத்துப் பட்டியும் விடாது அணிந்ததன் நியாயம் இதுவே. நல்லாடை மறுக்கப்பட்ட மக்களுக்கு அதை உடுத்துவதும் ஓர் அறப்போர். இவ்விருவருள் ஒருவரே சரியென்று தீர்ப்புக் கூற என் மனம் ஒருப்படவில்லை.

என் தந்தையார் லயத்துச் சுவரில் காந்தியடிகளின் படத்தை மாட்டி, வெள்ளிதோறும் பூச்சூட்டுவார். நான் பள்ளியிறுதி வகுப்புக்குச் சென்ற ஆண்டில், கடன் வாங்கி எனக்கு நீளக் காற்சட்டை தைப்பித்ததும் அவரே. அதை முதன்முதல் அணிவித்து, அந்தப் படத்தின் முன்தான் என்னை விழுந்து வணங்கச் சொன்னார்.