இராபர்ட் வைட்

இராபர்ட் வைட் (சூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக 1819-இல் இந்தியா வந்து, 1853 வரை சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். இடையில் மூன்று ஆண்டுகள் மட்டும் விடுப்பில் தாயகம் சென்றிருந்தார். கம்பெனி இவரைப் பருத்தி வளர்க்கப் பணித்தது. இவர் இன்று அறியப்படுவதோ தென்னிந்தியக் காட்டுச் செடிகளைப் பற்றிய நூல்களுக்காகவே.

தொடக்க காலம்

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1818-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1826-இல் சென்னை அரசின் இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அப்பதவி நீக்கப்பட, நாகப்பட்டினத்திற்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். செடி சேகரிப்பதை அங்கும் நிறுத்தவில்லை. 1831-இல் விடுப்பில் சென்றபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உலர் மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். அவற்றைக் கொண்டு வாக்கர்-ஆர்னாட்டுடன் இணைந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834-இல் வெளிவந்தது. அடுத்த தொகுதி வெளிவரவில்லை.

பயறினச் செடிகள்

அந்நூலில் பயறுக் குடும்பத்துக்குப் பெரும் இடம் அளிக்கப்பட்டுள்ளது. மத்திய ஆசியாவின் வறண்ட திறந்த வெளிகளில் வளரும் அஸ்ட்ராகலஸ் என்னும் பல்லாண்டுப் பயறினங்கள் தமிழகச் சமவெளியில் இல்லை. அவற்றைப் போன்ற இடத்தை இங்கு கொழுஞ்சியும் அவுரி இனங்களும் பிடித்துள்ளன. கோவில்பட்டி, எட்டயபுரம், புதூர் வட்டாரக் கரிசல் மண் மழையில் உப்பிக் குழைந்து, கோடையில் ஆழமாக வெடிக்கும். அத்தகைய நிலத்தில் ஆழ வேரோடும் பல்லாண்டுச் செடிகளே கோடையைத் தாங்கி, அடுத்த மழையில் மீண்டும் தளிர்க்கின்றன. கொழுஞ்சியை உழவர்கள் பசுந்தாள் உரமாக இடுவர்.

விடுப்பு முடிந்து திரும்பிய வைட், பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டை வரை தம் படைப்பிரிவுடன் சுமார் 700 மைல் பயணம் செய்தார். வழியெங்கும் செடிகளைச் சேகரித்தார்.

பருத்திப் பணி

1836-இல் பருத்தி, புகையிலை, நிலாவிரை முதலிய விளைபொருட்களை ஆராயும் பொறுப்பு இவருக்கு அளிக்கப்பட்டது. இவற்றுள் நிலாவிரையும் பயறினமே. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலங்களிலிருந்து ஏற்றுமதியானது. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்தார். பத்தாண்டுக்கு மேல் உழைத்தும், அமெரிக்கப் பருத்தி உள்ளூர் வகைகளை அகற்ற இயலவில்லை. மானாவாரிக் கரிசலில் உப்பம், கருங்கண்ணி ஆகிய நாட்டு வகைகளே நீடித்தன. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் பின்னர் மேம்படுத்தியதும் கருங்கண்ணியைத்தான். வைட்டின் உழைப்பைக் குறைகூற இதில் இடமில்லை. மானாவாரி நிலம் கேட்டது வேறு வகைச் செடியை.

ஓவியர்கள்

இக்காலத்திலேயே (1838–1853) இவரது பெரும்படைப்பான ஆறு தொகுதிப் படநூல் சென்னையில் வெளிவந்தது. அதில் 2,101 கல்லச்சுப் படங்கள் உள்ளன. மூல ஓவியங்களில் பெரும்பாலானவற்றை ரங்கையா, கோவிந்து ஆகிய இரு இந்திய ஓவியர்கள் வரைந்தனர். அக்காலத்தில் கம்பெனிக்காக வரைந்த இந்திய ஓவியர் பலர் பெயரின்றியே மறைந்தனர். வைட் இவ்விருவர் பெயரையும் படங்களில் அச்சிட்டதோடு, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்துயா' எனப் பெயரிட்டார். இப்போது அச்செடி திரோப்பிடியா பேரினத்தில் சேர்க்கப்பட்டுள்ளதால் அப்பெயர் வழக்கில் இல்லை. இருவரது வாழ்க்கை பற்றிய குறிப்புகள் மிகச் சிலவே கிடைக்கின்றன.

பிற்காலமும் பெயரும்

1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் ரெடிங் அருகே நிலம் வாங்கிப் பயிர் செய்தார். தமது உலர் தாவரத் தொகுப்பைக் கியூ தோட்டத்துக்கு வழங்கினார்.

1834 நூலில் வெளியான பல்லாண்டுப் பயறினக் கொடி ஒன்று இன்று நியோனோட்டோனியா வைட்டியை எனப்படுகிறது. பேரினப் பெயர் 1977-இல் மாற்றப்பட்டபோதும் 'வைட்டியை' மாறவில்லை. தமிழகத்தில் இது காட்டுக்கொடி. பிரேசிலிலும் ஆத்திரேலியாவிலும் கால்நடைத் தீவனமாக விதைக்கப்படுகிறது.