இன்சுலின் கண்ட பான்டிங்

நவம்பர் 14 என்றதும் நம் நினைவுக்கு வருவது குழந்தைகள் தின விழாவும் மிட்டாயும்தான். 1891ஆம் ஆண்டு அதே நாளில், கனடா நாட்டு அலிஸ்டன் என்னும் ஊரில், ஒரு விவசாயியின் ஐந்து மக்களில் கடைக்குட்டியாகப் பிறந்தார் பிரெடரிக் பான்டிங். அவர் பிறந்த நாளையே உலக நீரிழிவு நாளாகவும் அனுசரிக்கின்றனர். மிட்டாய் நாளும் சர்க்கரை வியாதி நாளும் ஒன்றாக அமைந்தது விந்தையே!

டொராண்டோவில் கலைப் படிப்பில் சேர்ந்த பான்டிங் முதல் ஆண்டிலேயே தவறினார். (தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தோழியர் கவனிக்க!) பின்னர் மருத்துவம் பயின்று, முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றி, வீரப் பதக்கம் பெற்றார். 1920இல் கனடாவிலேயே உள்ள லண்டன் என்ற நகரில் மருத்துவத் தொழில் தொடங்கினார். முதல் மாத வருமானம் நான்கே டாலர்!

தைராய்டு, அட்ரினல் முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் தம் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலக்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். கணையமோ இரட்டை வேலைக்காரி. செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அதனுள்ளே தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்கள், இரத்தத்தின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கின்றன. இத்தீவுகளை 1869இல் கண்டவர் லாங்கர்ஹான்ஸ்.

அந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றனர். 1920 அக்டோபர் 31, விடியுமுன் உறக்கம் வராமல் புரண்ட பான்டிங்குக்கு ஒரு யோசனை பிறந்தது. கணையக் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், தீவுகள் மட்டும் எஞ்சும் அல்லவா? உடனே குறிப்பேட்டில் எழுதி வைத்தார். குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது!

டொராண்டோ பேராசிரியர் மக்ளவுட் ஆய்வுக்கூடமும், நாய்களும், பெஸ்ட் என்ற மாணவரையும் தந்தார். 1921 கோடை வெயிலில் இருவரும் உழைத்தனர். நாய்கள் பல மடிந்தன. ஆயினும் கணையச் சாறு சர்க்கரையைக் குறைத்தது.

அந்நாளில் சர்க்கரை வியாதி கண்ட பிள்ளைகளுக்கு மருந்தே இல்லை. உணவை வெகுவாகக் குறைத்துச் சில காலம் உயிரை நீட்டினார்கள், அவ்வளவே. எலும்பும் தோலுமாகக் கிடந்த பதினான்கு வயது லியனார்டு தாம்சனுக்கு 1922 ஜனவரி 11 அன்று முதல் ஊசி போடப்பட்டது. பலன் போதவில்லை. கொல்லிப் என்ற வேதியியலார் இரவு பகலாக மருந்தைத் தூய்மை செய்தார். ஜனவரி 23இல் மீண்டும் ஊசி போட்டனர். சர்க்கரை இறங்கியது, சிறுவன் தேறினான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்ளவுடுக்கும் கிடைத்தது. பெஸ்ட் விடுபட்டதில் பான்டிங் கொதித்தார். தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கே கொடுத்தார். மக்ளவுடும் தம் பங்கைக் கொல்லிப்புடன் பகிர்ந்துகொண்டார். மக்ளவுட்மீது பான்டிங் கொண்ட கோபம் முற்றிலும் நியாயமானது என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கக்கூடிய காப்புரிமையை மூவரும் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விட்டுக்கொடுத்தனர்.

1941 பிப்ரவரியில் போர்க்காலப் பணிக்காக இங்கிலாந்து புறப்பட்ட பான்டிங்கின் விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 49. விமானி மட்டும் உயிர் பிழைத்தார்.